ஆள் உங்கள் ஆள், பொருள் எங்கள் பொருள்

எங்கள் மருந்துக் கடை விற்பனையை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்த ஊர் ஆண்கள் எல்லாரும் பச்சைக் குழந்தை மாதிரி தூங்குகிறார்கள். தூக்கம் வராமல் தவிப்பதெல்லாம் பெண்கள்தான். தூக்க மாத்திரைக்கு வருகிற சீட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயர்தான் இருக்கும். சீட்டை நீட்டுகிறவள் முகத்தைப் பார்த்தால் நன்றாகத் தூங்கி எழுந்து பளிச்சென்று இருப்பாள். நான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். யாருக்கு என்று கேட்பதில்லை. கேட்டால் "எனக்குத்தான்" என்பாள். நான் மட்டும் என்ன, என் பெயரில்தானே வாங்கிக்கொண்டு போகிறேன்.

எல்லாம் ஊருக்கு வெளியே இருக்கிற விமானத் தளத்தால் வந்த வினை. அங்கே நட்பு நாட்டின் அணுகுண்டுகள் இருக்கின்றன. எங்கள் நாட்டுக்கென்று சொந்தமாக ஒரு குண்டும் கிடையாது. போர் என்று வந்துவிட்டால் அவர்களுடைய குண்டை எங்கள் விமானத்தில் மாட்டி, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரவேண்டும். அதுதான் ஒப்பந்தம். பதிலுக்கு எங்களை யாராவது தாக்கினால் அவர்கள் ஓடிவந்து காப்பாற்றுவார்களாம். எங்களை எதற்காகத் தாக்கப் போகிறார்கள் என்று ஒருநாள் என் கணவரிடம் கேட்டேன். "குண்டு இங்க இருக்கே, அதுக்காகத்தான்" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

இதையெல்லாம் நான் வெளியில் சொல்லக் கூடாது. குண்டு இருக்கிறது என்று அரசாங்கம் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. ஆனால் காய்கறிக் கடைக்காரர் முதல் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர் வரை எல்லாருக்கும் தெரியும். கடைத்தெருவில் அதற்கு 'விருந்தாளி' என்று பெயர். நான் பிறப்பதற்கு முன்னால் வந்த விருந்தாளி, இன்னும் கிளம்புகிற வழியைக் காணோம்.

அந்த விருந்தாளியைத் தூக்கி விமானத்தின் வயிற்றுக்கடியில் மாட்டுவதுதான் என் கணவரின் வேலை. கூட இருப்பவன் என் தம்பி. அவனை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். அங்கே ஒரு கண்டிப்பான விதி: அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் யாரும் தனியாக நிற்கக் கூடாது, எதைச் செய்தாலும் இரண்டு பேராகத்தான் செய்யவேண்டும். ஒருவர் ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்பார். மற்றவர் கண்ணால் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகுதான் அடுத்தது. நட்பு நாட்டுக் காவலாளி ஒருவர் துப்பாக்கியோடு நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பார். என் கணவர் படிப்பார், தம்பி "சரி" சொல்வான். வருஷக்கணக்காக இதே ஜோடி.

இந்த வேலையில் இருப்பவர்கள் உடம்பையும் மனதையும் ஒப்படைத்துவிட வேண்டும். தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டாலும் சொல்லியாக வேண்டும். வீட்டில் சண்டையா, சொல்ல வேண்டும். தூக்கம் வரவில்லையா, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கே வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஜோடி என்பதால் கூட இருக்கிறவனும் சேர்ந்து போவான். குடியிருக்கிற வீடு தளத்தின் வீடு, அதுவும் போகும். இப்படியிருந்தால் யார் வாயைத் திறப்பார்கள்? அதனால் மாத்திரைச் சீட்டில் மனைவி பெயர். அதையும் விடுமுறை நாளில்தான் விழுங்க முடியும். வேலை நாளில் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது.

சில மாதங்களாக எல்லைப் பக்கம் ஏதோ உரசல். கூட்டணி நாடுகள் ஒன்று மாற்றி ஒன்றாகப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தன. ஏற்கெனவே இருந்த ஜோடிகளில் சிலருக்கு மாற்றல், சிலருக்கு உடம்பு முடியவில்லை. மிஞ்சினவர்கள் தலையில் எல்லா வேலையும் வந்து விழுந்தது. என் கணவர் வீட்டுக்கு வருவார், குளிப்பார், படுப்பார், கண் திறந்தபடியே கிடப்பார். "என்னதான் யோசிக்கிறீங்க?" என்று கேட்டால், "ஒண்ணும் யோசிக்கலை. கண்ணை மூடினா வாய் படிக்க ஆரம்பிச்சிடுது" என்பார். வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்விட்டார். கேலி செய்யத்தான் வாயெடுத்தேன். அந்த மூஞ்சியைப் பார்த்ததும் கேலி வரவில்லை.

வீட்டிலும் அவருக்கு அதே பழக்கம்தான். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே கிளம்பினால் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார். "கேஸ்?" "சரி." "பின் கதவு?" "சரி." "இஸ்திரிப் பெட்டி?" "சரி." கல்யாணமான புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது, அப்புறம் எரிச்சலாக இருந்தது, அதற்கப்புறம் ஒன்றுமாகவே இல்லை. போன மாதம் ஒருநாள் அப்படித்தான் கிளம்பினோம். மத்தியானம் ஏதோ எடுக்க வீட்டுக்கு வந்தால் தெருமுனையிலேயே தீய்ந்த வாடை. அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. பால் பாத்திரம் கரியாகி, அடி உருகத் தொடங்கிவிட்டது. ஜன்னல் திரை இரண்டு சாண் தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் "கேஸ்?" என்று கேட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் "சரி" என்றதும் ஞாபகம் இருக்கிறது. அடுப்பைப் பார்த்தது மட்டும் ஞாபகமில்லை. பார்த்தால்தானே இருக்கும். என் வாய் பாட்டுக்கு "சரி" என்றிருக்கிறது.

அந்த வார விடுமுறையில் தம்பி வந்தான். அவர் கடைக்குப் போயிருந்தார். கரிப் பாத்திரத்தைக் காட்டி இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். தம்பி சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்களுக்கும் அதேதான் ஆச்சுக்கா" என்றான்.

"அடுப்பா?"

"அடுப்பா இருந்தா பரவாயில்லையே."

பயிற்சி என்றால் நிஜக் குண்டை எடுக்க மாட்டார்கள். அதே அளவு, அதே எடை, அதே நிறத்தில் போலிக் குண்டு ஒன்று உண்டு. அதைத்தான் மாட்டிப் பழகுவார்கள். வித்தியாசம் ஒன்றுதான், போலியின் மூக்கில் ஒரு நீலப் பட்டை. நட்பு நாட்டுக்காரர்கள் கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொடுப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியதே அந்தப் பட்டையைத்தான்.

"அத்தான் 'நீலப் பட்டை?'ன்னு கேட்டாரு. நான் 'சரி'ன்னேன். மாட்டிட்டோம். மாட்டிட்டு சாப்பிடப் போயிட்டோம்கா. திரும்பி வந்து மூடி போடக் குனிஞ்சேன். பட்டை இல்ல."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்ல. நிஜம். சாப்பாட்டு நேரம் முழுக்க நிஜமே தொங்கிட்டு இருந்திருக்கு. கொண்டாந்த ரெண்டு பேரும் பார்க்கலை, அத்தானும் பார்க்கலை, நானும் பார்க்கலை, துப்பாக்கிக்காரனும் பார்க்கலை."

"அப்புறம் என்னடா பண்ணீங்க?"

"என்ன பண்றது? அஞ்சு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். காதும் காதும் வச்ச மாதிரி கழட்டி உள்ள அனுப்பிட்டோம். துப்பாக்கிக்காரனுக்கும் வேலை வேணும்ல."

அடுத்து ஒரு பெரிய பயிற்சி வரப்போகிறது என்றும் அவன்தான் சொன்னான். இந்த முறை மாட்டுவதோடு முடியாது. விமானம் ஊருக்கு மேலாகப் பறந்து போய், கடலோர மணல்வெளியில் போலியைப் போட்டுவிட்டு வரும். கூட்டணி நாட்டு அமைச்சர்கள் எல்லாரும் பந்தலில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"அன்னிக்கும் மாறிடுச்சுன்னா?"

"வெடிக்காதுன்னு சொல்றாங்க. வெடிக்கணும்னா அவங்க ஊர்லேர்ந்து ஒரு ரகசிய எண் வரணுமாம்." டம்ளரை ஓரமாக நகர்த்தினான். "ஆனா அவ்வளவு உசரத்துலேர்ந்து விழுந்தா உடையும்கா. உடைஞ்சா உள்ள இருக்கறது காத்துல போகும். எங்க வரைக்கும் போகும்னு எனக்குத் தெரியாது."

"நீ போய்ச் சொல்லிடேன்டா."

"சொன்னா மறைச்சதுக்கு உள்ள வச்சிருவாங்க. அத்தானையும் சேர்த்து. நீயும் மூச்சு விடாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். தம்பி அழுகிற மாதிரி இருந்தான். வேறென்ன செய்வது.

வருஷத்துக்கு ஒருமுறை மனைவிமாரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தளத்தின் வெளிக் கதவைத் தாண்டியதும் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஏசி சத்தம். எதிரே இரண்டு அதிகாரிகள், எங்கள் நாட்டவர் ஒருவர், நட்பு நாட்டவர் ஒருவர். இங்கேயும் ஜோடிதான். நட்பு நாட்டு அதிகாரி எங்கள் மொழியைப் பாடப் புத்தகத்தில் படித்தவர், பேசினால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். ஒவ்வொரு வருஷமும் அதே கேள்விகள். குடிக்கிறாரா? அடிக்கிறாரா? கடைசியில் தூக்கம். நானும் ஒவ்வொரு வருஷமும் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

இந்த வருஷ அழைப்பு பயிற்சிக்கு ஒரு வாரம் முன்னால் வந்தது. போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். தூக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுவது, குண்டு மாறினதைச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். வேலை போகும், வீடு போகும். போகட்டும். ஜெயிலுக்குப் போக மாட்டார்கள், அந்தப் பொருளுக்குப் பக்கத்திலும் போக மாட்டார்கள். நல்ல கணக்கு என்றுதான் நினைத்தேன்.

"தங்கள் கணவர் நிம்மதியாக உறங்குகிறாரா?" என்று கேட்டார் நட்பு நாட்டு அதிகாரி. பேனா ஏற்கெனவே தாளில் இறங்கியிருந்தது.

"இல்லை" என்றேன்.

பேனா நின்றுவிட்டது. அவர் படித்த புத்தகத்தில் இந்தப் பதில் இல்லை போலிருக்கிறது.

"கொஞ்சம் கொறைச்சலா தூங்குறார்னு வச்சுக்கலாமாம்மா?" என்றார் எங்கள் அதிகாரி. நல்ல மனிதர்தான். அவர் மனைவியும் எங்கள் கடைக்கு வருகிறவள்.

"தூங்கறதே இல்லைங்க. மாசக்கணக்கா. சாவியைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுல வைக்கிறார். அவரை அந்த வேலையிலேர்ந்து எடுத்துடுங்க. என் தம்பியையும் எடுத்துடுங்க. அவங்க ரெண்டு பேரும் ரொம்ப ஓஞ்சு போயிட்டாங்க."

இரண்டு அதிகாரிகளும் தாளைப் பார்த்தார்கள். எங்கள் அதிகாரி தொண்டையைச் செருமினார். "இதுல நாங்க கைவைக்க முடியாதும்மா. அங்க பக்கத்துல யார் நிக்கலாம், யார் நிக்கக் கூடாதுன்னு முடிவு பண்றது அவங்கதான். பொருள் அவங்க பொருள்."

நான் நட்பு நாட்டு அதிகாரியைப் பார்த்தேன். அவர் மிகவும் மரியாதையாகத் தலையை ஆட்டினார். "அம்மையாரே, ஆள் உங்கள் ஆள். உங்கள் நாட்டு வீரரை நீக்குவது உங்கள் நாட்டின் உரிமை. நட்பு நாட்டின் உரிமையில் நாங்கள் தலையிடுவதில்லை."

"அப்போ யார்தான் எடுப்பாங்க?"

"பயிற்சி முடியட்டும்மா" என்றார் எங்கள் அதிகாரி. "இப்ப வேற ஜோடி இல்ல. அமைச்சருங்கல்லாம் வர்றாங்க. இந்த நேரத்துல ஆள் இல்லைன்னு நாங்க சொன்னா, கூட்டணியில எங்க மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு மேசையைப் புரட்டிப் போட்டிருப்பேன். கையில் அவர்கள் கொடுத்த டீ இருந்தது. தம்பிக்குப் பண்ணின சத்தியமும் இருந்தது. அவன் முகம் கண் முன்னால் வந்து நின்றது. பந்தலில் உட்காரப் போகிற அமைச்சர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அந்த விமானம் பறந்து போகிற வழியில் எங்கள் தெரு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, கடை இருக்கிறது. சொல்லிவிட்டேன். நீலப் பட்டை இல்லாத குண்டு, சாப்பாட்டு நேரம் முழுக்கத் தொங்கினது, அஞ்சு பேரும் சேர்ந்து மறைத்தது, ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

இரண்டு அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் அதிகாரிக்கு இது முன்னமே தெரியும், நட்பு நாட்டு அதிகாரிக்கும் முன்னமே தெரியும். அந்த அஞ்சு பேரில் யாரோ ஒருவர் இவரிடமும் யாரோ ஒருவர் அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். இவருக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இத்தனை நாள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பூசி மெழுகிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நட்பு நாட்டு அதிகாரி பேனாவை மூடினார். "அம்மையாரே, தாங்கள் குறிப்பிடும் பொருள் இத்தளத்தில் உள்ளது என்று நான் கூறவில்லை. இல்லை என்றும் நான் கூறவில்லை. ஆகவே அது இடம் மாறியது என்று யாரும் கூற இயலாது."

"இருக்குன்னே சொல்லாத ஒண்ணு எப்படிம்மா மாறும்?" என்றார் எங்கள் அதிகாரி. அவ்வளவு குளிரிலும் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"அப்போ என் புருஷனையும் தம்பியையும் பிடிச்சு உள்ள வையுங்க. மறைச்சதுக்குத் தண்டனை உண்டாமே?"

"எதை மறைச்சதுக்கும்மா?" அவர் நிஜமாகவே கெஞ்சினார்.

இரண்டு பேரும் எழுந்து வெளியே போனார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினது தெரிந்தது. ரொம்ப நேரமாகவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் அவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் எங்கள் அதிகாரி முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

"ஒரு வழி பண்ணியிருக்கோம்மா. வீட்டுக்கும் தளத்துக்கும் அலையறதாலதான் தூக்கம் கெடுது. பயிற்சி முடியற வரைக்கும் ரெண்டு பேரும் தளத்துக்குள்ளயே தங்கட்டும். இன்னிக்கே கூட்டிட்டு வரச் சொல்லிட்டோம்."

நட்பு நாட்டு அதிகாரி தாளில் என் பதிலுக்கு மேல் நேராக ஒரு கோடு போட்டார். "துணைவியார் உடன் வசிக்காத காலத்திற்கு உறக்கம் பற்றிய இக்கேள்வி பொருந்தாது" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண்ணும் சிவந்துதான் கிடந்தது. அவரும் தூங்கி எத்தனை நாளாயிற்றோ, அவர் ஊரில் அவருக்கு யார் மாத்திரை வாங்குகிறார்களோ.

"அவர் தூங்குறாரா இல்லையான்னு இனிமே நீங்க கவலைப்பட வேணாம்மா" என்றார் எங்கள் அதிகாரி. ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் தளத்து வண்டி நின்றது. தம்பி ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. உள்ளே அவர் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்து மடித்து வைக்க ஆரம்பித்தேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"பட்டை விஷயத்தையுமா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். "எனக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்படி..."

"உன்கிட்ட சொன்னதை மாப்ள இப்பத்தான் சொன்னான், வாசல்ல வண்டியிலேர்ந்தே. உன்னைத் திட்டித் தீர்த்துட்டான்." கண்களைத் தேய்த்துக்கொண்டார். "நல்லது. நான் சொல்ல வேண்டியது. எனக்குத் தைரியம் வரலை."

"சொல்லி என்ன ஆச்சு பார்த்தீங்களா? இன்னும் பக்கத்துல கொண்டுபோய் விட்டுட்டேன்."

"நீ என்ன பண்ணுவ" என்றார். நான் அழுதேன். அவர் எழுந்து வந்து என் தலையில் கையை வைத்தார். கனமாக இருந்தது. எழுந்து நின்றதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்ததால் என் தலையை ஊன்றிக்கொண்டு நின்றாரா, ஆறுதலுக்கு வைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"பார்த்து 'சரி' சொல்லச் சொல்லுங்க அவனை. நீங்களும் ஒரு தடவை குனிஞ்சு பாருங்க" என்றேன். "பார்க்கறேன்" என்றார். பார்ப்பார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். பையை நானே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தேன். அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார், தம்பி பக்கத்தில் விறைப்பாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி நகர்ந்ததும் அவர் கையைத் தூக்கினார். பாதி தூக்கின கை அப்படியே மடியில் விழுந்தது. தலை கண்ணாடியில் சாய்ந்து வாய் லேசாகத் திறந்துகொண்டது. இத்தனை மாதமாக அந்தத் தூக்கத்துக்காக நான் படாத பாடில்லை. விளக்கை அணைத்து, திரையை இழுத்து, தெரு நாயைத் துரத்தி, பாலைச் சுடவைத்துக் கொடுத்து, காலைப் பிடித்துவிட்டு, அப்போதெல்லாம் வராத தூக்கம் அந்த வண்டியில் ஏறினதும் வந்துவிட்டது. பக்கத்தில் தம்பியின் தலையும் மெல்ல மெல்லச் சரிந்து அவர் தோளில் விழுந்தது.

இந்தத் தூக்கத்திலேயே போய் அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் நின்று 'சரி' சொல்லிவிடுவார்கள் என்று தோன்றியது. நான் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன். அவர்களை எழுப்புங்கள், எழுப்புங்கள் என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு ஓடினேன்.